தனியாளா, கூட்டாளா? தாளைக் கேட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த, குழுவில் பணியாற்றும் திறனைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘தனியாக வேலை செய்வது உங்களுக்கு ஒத்துவருமா, குழுவாகச் செய்வது ஒத்துவருமா’ என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் இளைஞர்கள் எப்படி விடை சொல்ல வேண்டும் என்று அதில் விளக்கியிருந்தார்கள். இரண்டும் ஒத்துவரும் என்று தொடங்கி, கல்லூரி வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லி முடித்துவிடும்படி கட்டுரையாளர் அறிவுறுத்துகிறார். வேலை கிடைக்க அந்த விடை உதவக்கூடும். ஆனால், அந்தக் கேள்விக்குத் தமக்குரிய உண்மையான விடை எது என்பதை அந்த இளைஞர் எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அச்சகத்தில் 34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திவிட்டு, அதாவது அச்சுக்கு முன் எடுக்கும் சரிபார்ப்புப் படியில் (புரூஃபில்) பிழை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றவன் நான். அந்த விடை எனக்குத் தெரியவந்த விதத்தை எழுதலாம் என்று தோன்றியது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். வெட்டுவது தங்கள் உரிமை, வெட்டிய இடம் தெரியாமல் வெட்டுவது தங்கள் திறமை.

1974ஆம் ஆண்டு, என் 22ஆம் வயதில், கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஈய எழுத்துகளைக் கேஸ் என்னும் அறைகள் கொண்ட தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் அடுக்கிய காலம் அது. எழுத்து அடுக்குபவரான கம்பாசிட்டர் அடுக்கி முடித்ததை நீளத் தட்டில் ஏற்றி, மை தடவி, நீளத் தாளில் ஒரு படி எடுத்துத் தருவார்கள். அதற்குக் காலி புரூஃப் என்று பெயர். முதல் புரூஃபை இருவர் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்பது எங்கள் அச்சகத்தின் வழக்கம். ஒருவர் ஆசிரியரின் கையெழுத்துப் படியை உரக்கப் படிப்பார்; அவரைக் காப்பி ஹோல்டர் என்போம். மற்றவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, புரூஃபின் மேல் கண்ணை ஓட்டிப் பிழைகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே போவார். படிப்பவர் சொற்களை மட்டும் படித்தால் போதாது. கமா, அரைப்புள்ளி, அடைப்புக்குறி ஆரம்பம், அடைப்புக்குறி முடிவு, புதுப் பத்தி என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ‘அறம்’ வந்தால் ‘பெரிய ற’ என்றும், ‘மணம்’ வந்தால் ‘மூன்று சுழி’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். (வல்லின றகரம் என்றும் டண்ணகரம் என்றும் சொல்வதே முறை என்று தமிழாசிரியர்கள் கண்டிப்பார்கள். மாலை நான்கு மணிக்குப் பத்தாவது காலியைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு நீளம் கட்டுப்படியாகாது.)

இந்த ஏற்பாடு எனக்கு அறவே பிடிக்கவில்லை. எனக்கு வாய்த்த காப்பி ஹோல்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர். தல புராணத்தையும் திருமண அழைப்பிதழையும் ஒரே இழுவையில் படிப்பார். ஒரு சொல்லில் ஐயம் தோன்றி நான் சற்று நிற்க நினைத்தால், அதற்குள் அவர் இரண்டு வரி தாண்டியிருப்பார். நிறுத்தச் சொன்னால் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்துவிடுவார். பிறகு ஐந்து நிமிடம் போய்விடும். சிறு வயதிலிருந்தே கூட்டத்தில் சேராமல் வளர்ந்தவன் நான். திண்ணையில் ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை என்று வீட்டிலும் பெயர் எடுத்திருந்தேன். ஆகவே, தனியாக விட்டால் இதைவிட இரண்டு மடங்கு நன்றாகப் பார்ப்பேன் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இருந்ததில்லை. கேட்பவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அதைக் காட்டுவதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. காப்பி ஹோல்டர் தம் தங்கை திருமணத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் போனார். அப்போது ஒரு பழைய உரை நூல் அச்சில் இருந்தது. நான் கையெழுத்துப் படியை இடப்பக்கமும் புரூஃபை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கங்களின் தொகுதி) ஒன்றை முழுவதும் தனியாகவே பார்த்து முடித்தேன். ஆசிரியரின் கையெழுத்தில் இருந்த இரண்டு ஒற்றுப் பிழைகளைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தியதில் எனக்கு ஒரு பெருமை. ஃபாரம் இயந்திரத்தில் ஏறி, ஆயிரம் படிகளும் அச்சாகி, எழுத்துகளைப் பிரித்துக் கேஸில் போட்டும் ஆகிவிட்டது. அதன் பிறகு நூலாசிரியர் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழாம் பக்கத்தில் ஒரு வரியைக் காணோம் என்றார். அந்தப் பத்தியில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் ‘என்பது கருத்து’ என்று முடிந்திருந்தன. கம்பாசிட்டரின் கண் முதல் ‘என்பது கருத்து’ வரை அடுக்கிவிட்டுத் திரும்பும்போது இரண்டாவதில் போய் விழுந்துவிட்டது. அது அந்தத் தொழிலில் எவருக்கும் நேர்வதுதான். என் கண்ணும் அதே இடத்தில் அதே தாவலைத் தாவியிருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. விடுபட்ட வரி இல்லாமலும் அந்தப் பத்தி ஏதோ ஒரு பொருள் தந்துகொண்டிருந்தது; என் மனம் அதை ஒட்டிப் படித்துக்கொண்டு போய்விட்டது. ஆயிரம் படிகளுக்கான தாளும், எழுத்துகளை மறுபடி அடுக்கும் வேலையும், மறு அச்சும் அச்சகத்தின் தலையில் விழுந்தன.

எங்கள் ஃபோர்மேன், அதாவது அச்சக வேலைகளுக்கு மேற்பார்வையாளர், என்னைத் திட்டவில்லை. தாராசுரத்திலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் வருகிற, அதிகம் பேசாத மனிதர் அவர். மறுநாள் காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, நீ தனியாப் பார்த்தா நல்லாப் பார்க்கிறவனா, கூட ஒருத்தர் இருந்தா நல்லாப் பார்க்கிறவனான்னு உன்னைக் கேட்டா உனக்கு என்ன தெரியும்? தாளைக் கேட்டுப் பார்ப்போம்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலிக்கும் யார் பார்த்தது, தனியாகவா சேர்ந்தா, இரண்டாம் புரூஃபிலும், இயந்திரத்தில் ஏற்றியபின் எடுக்கும் மெஷின் புரூஃபிலும் பிறகு அகப்பட்ட பிழைகள் என்னென்ன என்று அவரே எழுதி வந்தார். சில காலிகளை வேண்டுமென்றே என்னிடம் தனியாகக் கொடுப்பார். சிலவற்றைக் காப்பி ஹோல்டருடன் கொடுப்பார். ஏறக்குறைய ஆறு மாதம் இப்படி நடந்தது.

அந்த நோட்டுப் புத்தகத்தை அவர் என்னிடம் கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தனியாகப் பார்த்த காலிகளில் ரகர றகரப் பிழை, னகர ணகரப் பிழை, ஒற்று மிகுந்தது, ஒற்று விடுபட்டது ஆகியவற்றை நான் ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்திருந்தேன். ஆனால் சொல் விட்டுப் போனது, வரி விட்டுப் போனது, ஒரே சொல் இருமுறை வந்தது ஆகிய மூன்றும் என் கண்ணில் பட்டதே இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தப்பியிருந்தன. சேர்ந்து பார்த்த காலிகளில் விடுபாடு ஒன்றுகூட இல்லை. எழுத்துப் பிழைகளோ நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தப்பியிருந்தன. காரணம், சற்று யோசித்தால் எளிதில் விளங்குவதுதான். இன்றைய பேச்சில் நம்மில் பெரும்பாலோர் ரகரத்தையும் றகரத்தையும் வேறுபடுத்தி ஒலிப்பதில்லை. காதுக்குக் ‘கரி’யும் ‘கறி’யும் ஒன்று. படிப்பவர் களைத்துப்போய்ப் ‘பெரிய ற’ சொல்ல மறந்துவிட்டால், அந்த இடத்தில் காது என் கண்ணுக்குத் துணையாக வருவதில்லை. மாறாக, ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று அதைத் தூங்க வைத்துவிடுகிறது. விடுபட்ட வரி அப்படியல்ல. அவர் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருப்பார், என் தாளில் அந்த வரி இருக்காது. அதைத் தவறவிட முடியாது.

நான் நினைத்தது போலத் தனியாகச் சிறந்தவனும் அல்லன், அச்சக வழக்கம் சொன்னது போலச் சேர்ந்தால் சிறந்தவனும் அல்லன் என்று அன்று தெரிந்தது. எந்தப் பிழையைத் தேடுகிறேன் என்பதைப் பொறுத்து என் திறமையே மாறியது. இதற்கும் என் சுபாவத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஃபோர்மேனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகும் சேர்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கத் தொடங்கிவிடவில்லை. ஓய்வு பெறும் வரை பிடிக்கவே இல்லை. பிடித்ததை நன்றாகச் செய்கிறோம் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம், அவ்வளவுதான். எங்கள் அச்சகத்தில் இன்னொரு மெய்ப்புத் திருத்துநர் இருந்தார். கலகலப்பானவர், அவர் இருக்கும் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கூட்டாக வேலை செய்யப் பிறந்தவர் என்று எல்லோரும் சொல்வோம், அவரும் அப்படித்தான் நம்பினார். அவருடைய கணக்கையும் ஃபோர்மேன் எழுதி வைத்திருந்தார். சேர்ந்து பார்க்கும்போது கதை பேசிக்கொண்டே பார்த்ததில் அவருக்குத் தப்பாத பிழை வகையே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவர் தனியாகப் பார்த்த காலிகளோ அந்த அச்சகத்திலேயே மிகச் சுத்தமானவையாக இருந்தன. அவர் அதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு செய்தி.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை முதலியவற்றுக்கும் இருந்த பழைய கூட்டு வடிவங்கள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் கொம்பும் இட்டு எழுதும் முறை வந்தது. கேஸில் பழைய எழுத்தும் இருந்தது, புதிய எழுத்தும் இருந்தது. கம்பாசிட்டரின் கை பழக்கத்தில் பழையதற்கே போகும். ஒரே பக்கத்தில் இரண்டு வடிவங்களும் கலந்து வந்தன. இந்தக் கலப்பைக் காப்பி ஹோல்டரை வைத்துக்கொண்டு எத்தனை முறை படித்தாலும் பிடிக்க முடியாது. வடிவம் மாறினாலும் ஒலி மாறவில்லை அல்லவா? அந்த ஓரிரு ஆண்டுகள் முதல் புரூஃபைச் சேர்ந்து பார்த்த பின், பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் எழுத்து வடிவத்தை மட்டும் பார்ப்பதற்காக ஒருவர் தனியே உட்கார்ந்து இன்னொரு முறை பார்ப்பது என்று ஃபோர்மேன் முறை வகுத்தார். அந்த வேலை பெரும்பாலும் என்னிடமே வந்தது. மகிழ்ச்சியாகச் செய்தேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்கடி பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் உ.வே. சாமிநாதையரின் எடுத்துக்காட்டும் இங்கே பொருந்தும். ஏட்டுச் சுவடிகளுடன் தனியாகப் போராடிய ஒற்றை மனிதராகவே அவரைப் பலர் மனத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். கும்பகோணம் கல்லூரியில் அவர் ஆசிரியராக இருந்தபோது, 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கி, 1887இல் அதைப் பதிப்பித்தார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலையைக் கூர்ந்து பார்த்தால், அதில் பாதி கூட்டு வேலை என்பது புலப்படும். வெவ்வேறு ஏடுகளை ஒப்பு நோக்குவதற்கு ஒருவர் ஒரு பிரதியைப் படிக்க, மற்றவர்கள் தத்தம் பிரதியில் வேறுபாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் காப்பி ஹோல்டர் முறைக்கு அது மூத்த முறை. சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் இந்த ஊரில் வாழ்ந்த சமணர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனால், ஏட்டுக்கு ஏடு வேறுபட்டுக் கிடைத்த பாடங்களுள் எதை மூலத்தில் வைப்பது, எதை அடிக்குறிப்பில் தள்ளுவது என்ற முடிவை வாக்கெடுப்பில் எடுக்க முடியாது. அதன் பொறுப்பு முழுவதும் ஒரே மனிதருடையது. தாம் எதற்குப் பிறரை நாட வேண்டும், எதற்கு நாடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது அவருக்குப் பிறவியிலேயே தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஏடுகள்தாம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கும்.

பெரிய வேலைகள் குழுவால்தான் ஆகும் என்பாரும், தனி மனிதரால்தான் ஆகும் என்பாரும் ஆளுக்கொரு சான்று காட்டலாம். சிங்காரவேலு முதலியார் பெரும்பாலும் தனியாளாக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. அறிஞர் பலர் கூடி உழைத்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும் 1936இல் நிறைவு பெற்றன. இரண்டும் என் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சண்டையில்லை.

குழு என்றால் எல்லாம் நன்மையே என்று இன்று பரவியிருக்கும் எண்ணத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் அச்சகத்தில் ஒரு காலகட்டத்தில், முக்கியமான வேலைகளுக்கு மூன்று பேர் அடுத்தடுத்துப் பார்த்து, ஒவ்வொருவரும் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். இருவர் ஒப்பமிட்ட புரூஃபைவிட மூவர் ஒப்பமிட்ட புரூஃபில் பிழை மிகுந்திருந்தது. முதலாமவர், பின்னால் இருவர் பார்க்கப்போகிறார்களே என்று விட்டார். மூன்றாமவர், முன்னால் இருவர் பார்த்துவிட்டார்களே என்று விட்டார். நடுவில் இருந்தவருக்கு இரண்டு காரணங்களும் இருந்தன. மேக்சிமிலியன் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913இல் வெளியிட்ட முடிவுகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் தனியாக இழுக்கும் வலிமையை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 93, மூவர் இழுக்கும்போது 85, எட்டுப் பேர் இழுக்கும்போது 49 என்று குறைந்துகொண்டே போகிறதாம். தேர் வடத்தில் கை வைத்துக்கொண்டு நடப்பவர்கள் எத்தனை பேர், இழுப்பவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஊரில் எவரும் கணக்கெடுத்ததில்லை, எடுக்காமலிருப்பதே நல்லது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததாலும் வலிமை வீணாகலாம் என்று ஓர் ஐயம் எழுந்தது. 1974இல் நடந்த ஒரு சோதனையில், கண்ணைக் கட்டி, பின்னால் வேறு ஆட்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து, ஒருவரை மட்டுமே இழுக்கவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அவர் கை தளர்ந்தது.

எங்கள் ஃபோர்மேன் இவற்றில் எதையும் படித்தவர் அல்லர். மூன்று ஒப்பங்களை அவர் ஒழிக்கவும் இல்லை, முதலாளியுடன் வாதாடவும் இல்லை. முதலாமவர் விடுபாட்டுக்கு மட்டும் பொறுப்பு, இரண்டாமவர் எழுத்துக்கு மட்டும் பொறுப்பு, மூன்றாமவர் தலைப்பு, பக்க எண், அடிக்குறிப்பு எண் ஆகியவற்றுக்கு மட்டும் பொறுப்பு என்று பிரித்தார். பிழை வந்தால் யாருடைய பிழை என்று தெரிந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டவுடன் பிழைகள் குறைந்தன. நான் முதல் ஒப்பத்துக்கு உரியவனாக ஒருபோதும் அமர்த்தப்படவில்லை.

இவற்றையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது என் பேத்தியின் அனுபவம். அவள் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். நால்வர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும் என்று கல்லூரியில் கூறினார்கள். வரிசை எண்ணின்படி நால்வர் நால்வராகப் பிரித்தும் விட்டார்கள். யார் எதைச் செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. கடைசியில் அவளும் இன்னொரு பையனும் இரவு பகலாக உட்கார்ந்து செய்து முடித்தார்கள். ரிப்போர்ட்டின் முகப்பில் நான்கு பெயர்கள், நால்வருக்கும் ஒரே மதிப்பெண். “தாத்தா, எனக்குக் குழு வேலை ஒத்துவராது, இனிமேல் எதுவானாலும் தனியாகத்தான்” என்று அவள் சொன்னபோது, திண்ணை மூலையில் உட்கார்ந்திருந்த என் பழைய உருவம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அந்த நான்கு மாதங்களில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மோசமாக அமைக்கப்பட்ட ஒரு குழு எப்படி இருக்கும் என்பது. தன்னைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பையனும் அவளும் சேர்ந்து செய்ததில் எந்தப் பகுதி நன்றாக வந்தது, அவள் அறையில் தனியே செய்ததில் எது வந்தது என்று கேட்டேன். கணினி நிரலின் பெரும்பகுதியைத் தனியே எழுதியதாகவும், மூன்று நாள் கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறை அந்தப் பையனிடம் வாய்விட்டு விளக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில், அவன் ஒரு வார்த்தையும் பேசுவதற்கு முன் தானே கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னாள். காப்பி ஹோல்டரைக் கண்டுகொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாலே குற்றம் என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளை, வேலைக்கான குழு விவாதத்தில் பத்துப் பேராக உட்கார வைத்துப் பத்து நிமிடத்தில் அவர்களின் கூட்டுத் திறனை அளந்துவிடுவதாக நிறுவனங்கள் எண்ணுகின்றன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1958இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நால்வர் கூடிப் பேசிச் சொன்ன யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியே உட்கார்ந்து எழுதியவற்றைத் தொகுத்தபோது கிடைத்த யோசனைகள் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் தம் முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதும், காத்திருக்கும்போது தோன்றியது நழுவிப்போவதும் இதற்குப் பெரிய காரணம் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். காப்பி ஹோல்டரின் வேகத்துக்குப் பின்னால் ஓடியவனுக்கு இதில் வியப்பில்லை. குழு விவாதத்தில் அதிகம் பேசியவர் நல்ல குழு ஆள் என்று முடிவு கட்டுவது, சத்தமாகப் படித்தவரே நல்ல மெய்ப்புத் திருத்துநர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கணினியில் எழுத்துக் கோக்கும் முறை வந்த பிறகு காப்பி ஹோல்டர் என்ற வேலையே போய்விட்டது. ஆசிரியரே தட்டச்சு செய்து அனுப்பும்போது உரக்கப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். என் பணிக்காலத்தின் பிற்பாதியில் நான் விரும்பிய தனிமை எனக்குக் கிடைத்தது. அதில் என் பலவீனமும் கூடவே உட்கார்ந்திருந்தது. வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு பார்ப்பது, ஓர் இரவு ஆறப்போட்டுவிட்டு மறுநாள் பார்ப்பது, கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு வருவது என்று பலவற்றைச் செய்து பார்த்தேன். ஓரளவுக்கே உதவின. ஓய்வுக்குப் பின்னும் தெரிந்தவர்களின் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். இப்போது என் பேத்தி சொல்லிக் கொடுத்தபடி, மூலப் படியை நானே உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, அதைக் கேட்டபடி அச்சுப்படியைப் பார்க்கிறேன். விடுபாடுகள் அகப்படுகின்றன. என் குரலும் தல புராண இழுவையில்தான் இருக்கிறது என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்தது. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க அவர் இன்று இல்லை.

பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரே வகையான வேலையை ஒரு வாரம் தனியாகவும், அடுத்த வாரம் இருவர் இருவராகவும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லி, எதில் என்ன தவறு நேர்ந்தது என்று அவர்களையே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லலாம். பிழைகளோடு கூடிய ஒரு பத்தியைத் திருத்தக் கொடுத்தால்கூடப் போதும், செலவே இல்லை. இருவராகச் செய்யும்போது யாருக்கு எது பொறுப்பு என்று முன்னதாகவே பிரித்துவிட வேண்டும், மதிப்பெண்ணையும் அதன்படியே தர வேண்டும். ஒரு பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னைப் பற்றி ஏதேனும் தெரிந்துவிடும்; அது அவர்கள் எதிர்பார்த்ததாக இருக்காது என்று என்னால் பந்தயம் கட்ட முடியும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், தனியாகவா குழுவாகவா என்று கேட்பதை விட்டுவிட்டு, கடைசியாகச் செய்த வேலையில் தனியே செய்த பகுதி எது, அதில் தப்பவிட்டது எது, அதைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று கேட்கலாம். மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாத கேள்வி அது.

தங்கள் கட்டுரையாளரையும் முழுவதும் குறை சொல்வதற்கில்லை. மூன்றாம் பத்தியில் குழுவில் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும் இடத்தில், ‘பிறர் பேசும்போது இடையில் குறுக்கிடும் துணிவை வளர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று அச்சாகியிருக்கிறது. அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். ‘குறுக்கிடும் பழக்கத்தை விட்டு, அவர்கள் முடித்த பின் தம் கருத்தைச் சொல்லும் துணிவை’ என்பது போல ஏதோ இருந்து, ‘குறுக்கிடும்’ என்பதிலிருந்து ‘சொல்லும்’ என்பதற்குக் கண் தாவி, நடுவில் ஒரு வரி போயிருக்க வேண்டும். கட்டுரை முழுவதும் தேடிப் பார்த்தேன். ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை, ரகர றகரங்கள் அத்தனையும் சரி. நல்ல கண்ணுள்ள ஒருவர், தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
கும்பகோணம்.